கணவாயில் பிடிபட்டவன்

அன்று காலை மடவளையிலிருந்து கண்டிக்குப் போன பஸ்ஸில் யாரும் யன்னல் பக்கம் திரும்பவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் நெருங்கியதும் சாரதி பாட்டை நிறுத்தினான். முதலில் டயர் எரிந்த நாற்றம் வந்தது. அதன் பின்னால் மற்ற நாற்றமும் வந்தது. பாலத்துக் கம்பியோடு சேர்த்து இரண்டு இளைஞர்களைக் கட்டியிருந்தார்கள். ஒருவனுடைய தலை நெஞ்சின் மேல் சரிந்திருந்தது. மற்றவனுக்குத் தலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கழுத்துகளில் குற்றம் எழுதிய மட்டை தொங்கியது. வீதியோரம் டயர்களுக்கு நடுவே புகைந்துகொண்டிருந்தது எத்தனை பேர் என்று பார்த்தவர்களாலும் சொல்லியிருக்க முடியாது.

ஹபீல் மடியிலிருந்த நீளமான மட்டைக் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன் சீற்றின் கிழிசலையே பார்த்திருந்தான். பக்கத்தில் இருந்த கிழவர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். பாலத்தைத் தாண்டியதும் யாரோ இருமினார்கள். பிறகு பஸ்ஸில் பேச்சு தொடங்கியது, மீன் விலையைப் பற்றி.

எண்பத்தொன்பதாம் ஆண்டில் கண்டிப் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான் வாழப் பழகியிருந்தார்கள். வடக்கில் ஒரு போர். தெற்கிலும் மலைநாட்டிலும் சிங்களக் கிளர்ச்சிக்காரர் ஒரு பக்கம், அவர்களை வேட்டையாடியவர்கள் மறுபக்கம். கடையைப் பூட்டு என்று ஒரு தரப்பு துண்டு எழுதி அனுப்பும். மறுதரப்பு வந்து பூட்டை உடைத்துத் திறக்கச் சொல்லும். பூட்டியவனையும் கொன்றார்கள், திறந்தவனையும் கொன்றார்கள். மடவளை முஸ்லிம்கள் இது நமக்குச் சம்பந்தமில்லாத சண்டை என்று சொல்லிக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருந்தார்கள்.

ஹபீல் ஒரு படவரைஞன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கட்டடப் படங்களை மைப் பேனையால் வரைவதும் பிரதி எடுப்பதும் அவன் தொழில். கூட்டத்தில் வாய் திறக்காத ஆள். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில்கூடச் பலர் சேர்ந்து உண்ணும் சோற்றுச் சஹனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவான். அப்படிப்பட்டவன் சவூதியில் தமாம் நகரில் ஒரு கட்டுமானக் கம்பனியில் சில வருஷங்கள் வேலை செய்தபோது, அங்கிருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர்கள் வெள்ளிக்கிழமைகளில் ஆடிய ஒரு விளையாட்டில் அகப்பட்டுக்கொண்டான். படம் ஒன்று கீறித் தரச் சொல்லித்தான் அவனை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள்.

விளையாட்டு இதுதான். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள்: ஒருவர் வீரர், ஒருவர் கள்ளன், ஒருவர் வைத்தியர். நடுவில் ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். "நீங்கள் ஒரு குகையின் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத காரியத்தைப் பகடை தீர்த்துவைக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அந்த மேசையில் ஹபீல் வாயாடியானான். அவன் சிரித்ததை அந்த வளாகத்தில் இருந்தவர்கள்தான் முதலில் கேட்டார்கள். ஆனால் ஒருநாளும் அவன் கதையை நடத்தியதில்லை. நடத்துகிறவனுக்கு உலகம் முழுவதும் தலைக்குள் இருக்க வேண்டும் என்று பயந்தான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்த ஆசை அவனைப் பிடித்தது. அப்போது ஆடுவதற்கு ஆள் இல்லை.

கண்டியில் அவன் வேலை செய்த படப்பிரதிக் கடைக்குச் சதுரங்கக் கழகத்துச் செயலாளர் ஒருவர் வருவார். மேசை விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை கூடும் என்றும், முந்திய வருஷம் ஊரடங்கால் நடக்கவில்லை என்றும், இந்த முறை பட்டப்பகலில் சீக்கிரமாக நடத்தி முடிக்கப்போவதாகவும் அவர் சொன்னார். புதிதாக ஏதாவது தெரிந்தால் ஒரு மேசை தருகிறேன் என்றார். ஹபீல் சரி என்று சொன்னபின் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் மனைவி றம்லத்துக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, பகடை உருட்டுற விளையாட்டெண்டு பள்ளிவாசல்ல தெரிஞ்சா என்ன செல்லுவாங்க?"

"காசு வெச்சு ஆடுறதில்ல றம்லத். கத செல்லுறதுதான்."

"கத செல்லவா இந்தக் கொழப்பத்துக்குள்ள டவுனுக்குப் போப்போற? பாலத்தடியில என்ன கெடக்குதெண்டு தெரியாதா ஒங்களுக்கு?"

அவன் வரைபடத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்தான். ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தபோது சேர்ட் இஸ்திரி போட்டுத் தொங்கியது. சோற்றுப் பார்சலும் மேசையில் இருந்தது.

மண்டபம் கண்டி வாவிக்கு மேலே இருந்தது. வழமையாக நிரம்பும் இடத்தில் அன்று பாதிக் கதிரைகள் காலி. சதுரங்க மேசைகளில் தலைகள் குனிந்திருந்தன. கரம் பலகைகளின் டொக் டொக் சத்தம் மட்டும் கேட்டது. ஹபீலுக்கு மேடைக்குப் பக்கத்து மூலை கிடைத்தது. குழாயிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தான். மலைகள், ஒரு கணவாய், ஆறு, பாலம், சத்திரம், காவல் கோபுரங்கள், சிவப்பு மையில் கொள்ளைக்காரர்களின் பாசறை. வரைபடம்தான் ஆட்களை இழுத்தது.

முதலில் வந்தவர் விமலநாதன். நில அளவைத் திணைக்களத்தில் வேலை, யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பிரிட்ஜ் சீட்டு ஆட வந்திருந்தார், கூட்டாளி வரவில்லை. வரைபடத்தின் மேல் குனிந்து, "தம்பி, உம்மட கை நல்ல கை. ஆனா ஆறு உந்தப் பக்கம் ஏறாது, மேட்டையெல்லோ காட்டியிருக்கிறீர்" என்றார். ஹபீல் வெட்கத்தோடு ஆற்றைத் திருத்தினான். அடுத்தவர் சத்தியபாமா, கண்டியில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. "இதென்ன, இருபது முகமோ?" என்று பகடையைக் கையில் எடுத்தவர் அதைத் திரும்ப வைக்காமலே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஆள் லக்சிறி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் சிங்களப் பையன். கம்பஸ் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததால் பிலிமத்தலாவையில் தாயோடு இருந்தான். சதுரங்கத்தில் முதல் சுற்றிலேயே தோற்றுப்போய் ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

தொடக்கம் மோசமாகத்தான் இருந்தது. ஹபீல் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்து, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல வாசித்தான். சிங்களத்தில் சொல்லி, தமிழில் சொல்லி, நடுவில் இங்கிலீசில் தடுமாறினான். லக்சிறி கொட்டாவி விட்டான். சத்திரத்தில் தங்கியிருக்கும் ஆட்களுக்காக ஹபீல் எத்தனையோ மாலைகள் மெனக்கெட்டிருந்தான். ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், இரகசியம் எல்லாம் இருந்தன. சத்தியபாமா நிமிர்ந்து, "நாங்கள் சத்திரத்துக்குப் போகேல்லை. மழைக்கு முன்னம் கணவாயைக் கடப்பம்" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவன் தயாரித்த அத்தனையும் ஒரே வார்த்தையில் போயிற்று.

தாள்களைப் புரட்டிப் பார்த்தான். கணவாய்க்கு இரண்டு வரிதான் எழுதியிருந்தான். தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மடவளைக்கு மேலே உள்ள மலைப்பாதையை நினைத்துக்கொண்டான். "மூடுபனி இறங்குது" என்றான். "முன்னால போறவங்கட முதுகு தெரியல்ல. காலில அட்டை ஏறுது. எங்கேயோ ஒரு மணிச் சத்தம், மாட்டு மணி மாதிரி. என்ன செய்யப்போறீங்க?"

அதிலிருந்து கதை ஓடத் தொடங்கியது. மணி கட்டியிருந்தது கொள்ளைக்காரர்களின் கோவேறு கழுதையில். கள்ளன் வேடம் எடுத்திருந்த லக்சிறி பனிக்குள் ஊர்ந்து போய் அந்தக் கழுதையையே களவெடுத்தான். பகடை உருண்டு இருபது விழுந்தபோது அவன் கதிரையில் ஏறி நின்று கத்தினான். சதுரங்கக்காரர்கள் திரும்பி 'ஷ்ஷ்' என்றார்கள். வாள்வீராங்கனை சத்தியபாமா இரண்டு பேரைப் பள்ளத்தில் உருட்டினார். வைத்தியரான விமலநாதன் சண்டைக்குப் போகாமல் பாறை மறைவில் நின்று எல்லாருக்கும் வழி சொன்னார். ஹபீலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. அவன் குரல் தானாக வந்தது.

சண்டை முடிவில் ஒரு கொள்ளைக்காரன் உயிரோடு பிடிபட்டான்.

"இவன என்ன செய்யப்போறீங்க?" என்று ஹபீல் கேட்டான்.

லக்சிறி சிரித்துக்கொண்டே, "பாலத்துல கட்டுவோம். கழுத்துல மட்டையும் போடுவோம்" என்று சிங்களத்தில் சொன்னான்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. "தம்பி, வேண்டாம்" என்றார் சத்தியபாமா.

"கதைதானே மிஸ்."

அப்படிச் செய்ய முடியாது என்று ஹபீல் தடுத்திருக்கலாம். நடத்துகிறவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் அவன் தடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருப்பதுபோல வைத்துக்கொண்டு, லக்சிறியின் முகத்தைப் பார்த்து, பிடிபட்டவனின் குரலில், சிங்களத்தில் பணிந்து பேசினான்.

"மட்டையில என்ன எழுதப்போறீங்க மாத்தயா? எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டிட்டுக் கட்டுங்க."

லக்சிறியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவன் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "சரி. கையக் கட்டிக் கூட்டிட்டுப் போவோம். பட்டணத்துல விசாரிக்கட்டும்" என்றான். விமலநாதன் பிடிபட்டவனின் காயத்துக்கு மருந்து கட்டப்போவதாகச் சொன்னார்.

அப்போதுதான் வெளியே ஜீப்புகள் வந்து நின்றன.

வந்தவர்களில் சிலர் சீருடைக் காற்சட்டைக்கு மேல் சாதாரண சேர்ட் போட்டிருந்தார்கள்; சிலர் காலில் ரப்பர் செருப்பு. யாருடைய ஆட்கள் என்று கேட்கும் தைரியம் எவருக்கும் வரவில்லை. எல்லாரையும் எழுப்பிக் கையைத் தலையில் வைக்கச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தினார்கள். சதுரங்கக் காய்கள் தரையில் உருண்டன. மெதுவாக எழும்பிய ஒரு கிழவரைத் துப்பாக்கிப் பிடியால் இடுப்பில் இடித்தார்கள். அவர் விழுந்தார், அப்படியே கிடந்தார். பிறகு அந்த மனிதனை உள்ளே கொண்டுவந்தார்கள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சிங்களத்தில் கோணிபில்லா என்பார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவர் வண்டியில் ஏற வேண்டும். பேச்சுக்கு இடமில்லை.

சாக்கு ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று வந்தது. ஹபீலுக்கு முன்னால் வந்தபோது உள்ளேயிருந்து அழுகிற மூச்சு கேட்டது. கடந்து போயிற்று. லக்சிறியின் முன்னால் நின்றது. தலை ஆடியது.

லக்சிறியை முடியில் பிடித்து இழுத்தார்கள். அதே நேரம் ஒருவன் மூலை மேசையிலிருந்து வரைபடத்தைத் தூக்கிக் காட்டினான். பாலம், காவல் கோபுரம், சிவப்புப் புள்ளிகள்.

"இது யாருடையது?"

"என்னுடையது. விளையாட்டு ஒன்று" என்றான் ஹபீல்.

"இத நடத்துறவன் யார்?"

"நான்தான்."

"அப்ப தலைவன் நீ."

விமலநாதனின் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். யாழ்ப்பாணப் பிறப்பு, நில அளவைத் திணைக்களம். அது போதுமாக இருந்தது. சத்தியபாமா வரிசையை விட்டு முன்னால் வந்து, "சேர், நானும் இதிலதான் ஆடினனான், இது வெறும் கதை" என்று சிங்களத்தில் சொல்லி முடிக்கவில்லை. துப்பாக்கிப் பிடி அவர் வாயில் விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்து உள்ளங்கையில் பற்களைத் துப்பினார். மூன்று ஆண்களையும் கண்ணைக் கட்டி ஜீப்பில் எறிந்தார்கள்.

வண்டி வளைந்து வளைந்து ஏறியது. இறக்கியபோது ஹபீலுக்குத் தேயிலைத் தூள் மணத்தது. கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோர் ஒன்றைத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள் என்பது கண்கட்டை அவிழ்த்த பிறகு தெரிந்தது. பலகைச் சுவர்களில் ஆள் உயரத்துக்குக் கறுத்த கறை.

மூவரையும் தனித்தனி அறைகளில் வைத்து விசாரித்தார்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயால் ஹபீலின் உள்ளங்காலில் அடித்தார்கள். எந்தப் பாலம், எந்த நாள், எத்தனை பேர் என்று கேட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது கதை ஒன்றுதான். அதையே சொன்னான்: கணவாய், மூடுபனி, கொள்ளைக்காரர், ஒருவன் பிடிபட்டான்.

"பிடிபட்டவன்ட பேர்?"

"பேர் வைக்கல்ல சேர்."

அதற்காக அவனுடைய வலது கையை மேசையின் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் வைத்து, லாச்சியைக் காலால் உதைத்து மூடினார்கள். மறுபடி திறந்து மறுபடி உதைத்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் குச்சி முறிந்ததுபோல இருந்தது. தான் கத்தியதை அவன் வேறு யாரோ கத்துவதாகவே கேட்டான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் விமலநாதன் அலறினார்: "கழுதை! கழுதையை அந்தப் பெடியன்தான் களவெடுத்தவன்! ஐயோ, கழுதை சேர், கதையில வாற கழுதை!" இன்னும் தள்ளி, லக்சிறி இருந்த அறையிலிருந்து வார்த்தையாக எதுவும் வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமும், இருமலும், மறுபடி தண்ணீரும்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் இது நடந்தது. மூவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அடித்தவர்களுக்கு அதுவே சந்தேகமாயிற்று. "பாடமாக்கி வெச்சிருக்கிறாங்க" என்றான் ஒருவன். அங்கே பெரியவனாக இருந்த அதிகாரிக்கு ஒல்லியான உடம்பு. வாசிக்கிற கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எல்லாரும் அவனை 'சேர்' என்றே கூப்பிட்டார்கள். அவன் யோசித்துவிட்டு, "விளையாட்டு என்றால் ஆடிக் காட்டட்டும்" என்றான்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு மேசை போட்டு வரைபடத்தை விரித்தார்கள். பகடையையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஹபீலும் விமலநாதனும் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். லக்சிறியால் உட்கார முடியவில்லை. கயிற்றால் கதிரையோடு சேர்த்துக் கட்டினார்கள். அவனுக்கு ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. நாலாவது கதிரையில் அதிகாரி உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் துப்பாக்கிகளோடு சுற்றி நின்றார்கள்.

"அந்த ரீச்சர் எடுத்த வேடத்தை நான் எடுக்கிறேன். எங்கே விட்டீர்கள்?"

லக்சிறிதான் பதில் சொன்னான். "பிடிபட்டவன... கட்டிக் கூட்டிப் போறோம்."

"கூட்டிப் போவதா? எதற்கு? நான் வாளை உருவி அவனை வெட்டுகிறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி ஹபீலைப் பார்த்தான். இப்போது என்ன நடக்கிறது என்று நடத்துகிறவன்தான் சொல்ல வேண்டும். ஹபீல் சொல்ல வாயெடுத்தபோது லக்சிறி தலையை நிமிர்த்தினான்.

"அவர் வாள உருவ முன்னால நான் கயிற்ற அறுக்கிறேன்."

சிரிப்பு நின்றது.

"என்ன சொன்னாய்?"

"என்ட ஆள் கள்ளன். கையில கத்தி இருக்குது. பிடிபட்டவன்ட கட்டை அறுத்து விடுறேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவன் உதட்டிலிருந்து இரத்தம் சொட்டியது.

பின்னால் நின்றவன் துப்பாக்கியை ஓங்கினான். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஹபீலிடம், "முடியுமா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான்.

"முடியும் சேர். பகடை போடணும்."

லக்சிறியின் கை கட்டியிருந்ததால் விமலநாதன் அவனுக்காக உருட்டினார். பதினாறு. "கட்டு அறுந்துட்டுது" என்றான் ஹபீல். "அவன் ஓடுறான். நீங்க வெட்டலாம் சேர். பதினாலு விழணும்."

அதிகாரி பகடையை எடுத்தான், கைக்குள் குலுக்கினான், உருட்டினான். அது வரைபடத்தின் ஆற்றைத் தாண்டிப் போய் நின்றது. மூன்று.

எல்லாரும் ஹபீலின் வாயைப் பார்த்தார்கள். மூன்றைப் பதினெட்டு என்று சொல்லியிருந்தாலும் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். வாள் இறங்கியது, தலை உருண்டது என்று சொன்னால் அந்த அறை முழுக்கச் சிரித்திருக்கும். கை நெருப்பாக எரிந்தது. றம்லத் என்ன செய்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு ஒரு கணம் வந்து போனது. எதிரே லக்சிறியின் திறந்திருந்த ஒற்றைக் கண் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூணு சேர்" என்றான். "தப்பிட்டான்."

"மறுபடி போடுகிறேன்."

"ஒரு தரம்தான் சேர். எல்லாருக்கும் ஒரு தரம்தான்."

காதடியில் விழுந்த அடியில் அவன் கதிரையோடு சாய்ந்தான். தூக்கி உட்கார வைத்தார்கள். காதிலிருந்து சூடாக ஏதோ வழிந்தது. அதிகாரி பகடையையே பார்த்தபடி இருந்தான்.

"எங்கே ஓடினான்?"

"பனிக்குள்ள சேர். தெரியல்ல."

அதிகாரி பகடையை எடுத்து மேசை நடுவில் வைத்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு எழுந்தான். "இது விளையாட்டுத்தான். இந்த இரண்டு பேரையும் காலையில் கொண்டுபோய் விடுங்கள்" என்றான். லக்சிறியின் பக்கம் திரும்பவில்லை. "இவன் கதை வேறு. இவனைக் காட்டித் தந்திருக்கிறார்கள்."

விளையாட்டில் என்ன நடந்திருந்தாலும் லக்சிறிக்கு அதே முடிவுதான். சாக்குப் போட்டவனின் தலையாட்டலிலேயே அது தீர்ந்துபோயிருந்தது. கதிரையிலிருந்து அவிழ்த்து இழுத்துக்கொண்டு போனபோது அவன் கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பிக் கத்தினான்: "பிலிமத்தலாவை! பேக்கரிக்குப் பின்னால வீடு! எங்கட அம்மாவுக்குச் சொல்லுங்க!" விரல்களில் அடித்துக் கையை விடுவித்தார்கள். மழை விட்ட பிறகு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, தேயிலைப் பக்கமிருந்து இரண்டு வெடி கேட்டது. விமலநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் இருவரையும் கலஹா வீதியோரம் தள்ளிவிட்டுப் போனார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. சாரதி வீரையா, தேயிலைத் தோட்டத்து ஆள். பார்த்தவுடன் பிரேக் போட்டு இறங்கினார்.

"ஐயையோ... ஏறுங்க, ஏறுங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. நான் ஒண்ணும் பாக்கல, நீங்களும் என்னப் பாக்கல."

வெற்றுக் கொழுந்துச் சாக்குகளுக்கு அடியில் படுக்க வைத்துப் பேராதனை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். ஹபீல் நன்றி சொல்லத் தலையைத் தூக்கியபோது லொறி திரும்பிவிட்டது.

அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது றம்லத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. சத்தியபாமா உடைந்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அன்றே மடவளை பஸ் ஏறி, கடை கடையாகக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். றம்லத் வார்ட்டுக்கு வந்து அவனுடைய கையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். அழவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கினாள். மூன்றாவது வாயில்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"அந்தக் கம்பஸ் பொடியன்?"

ஹபீல் வாயை மூடிக்கொண்டான். சோற்றுப் பிடி அவள் கையிலேயே இருந்தது.

நடக்க முடிந்ததும் அவன் விமலநாதனோடு பிலிமத்தலாவைக்குப் போனான். போக வேண்டாம், வீட்டைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். விமலநாதன், "எனக்கும் பயம்தான் தம்பி. ஆனா நான் வாறன்" என்றார். பேக்கரிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. லக்சிறியின் தாய் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள். ஹபீல் எதையும் மறைக்காமல் சொன்னான். கயிற்றை அறுத்த இடம் வந்ததும் அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுலயும் அப்படித்தான். அடுத்த வீட்டு நாயை அவிழ்த்து விட்டுட்டு வந்து அடி வாங்குவான்."

முன்பு கூட்டாளி ஒருவனுக்காகக் கிளர்ச்சிக்காரரின் போஸ்டர் ஒட்டப் போயிருக்கிறான் என்றும், வேறெதுவும் செய்ததாகத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். பிறகு உடல் எங்கே என்று கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்க அவள் மகாவலிக் கரைக்குப் போய் வந்தாள். ஒதுங்கிய உடல்களை ஒரு நீளக் கம்பால் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கம்பு பட்டதும் தோல் கழன்று வரும். சிலவற்றுக்கு முகம் இருக்காது. அவள் கால் விரல்களைப் பார்ப்பாள். சில நாட்களில் ஹபீலும் கூடப் போனான். மகனை அவர்கள் கண்டுபிடிக்கவேயில்லை.

ஹபீலின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியபடியே ஒட்டிப்போயின. மைப் பேனை பிடிக்க முடியவில்லை. கடைக்காரர் அவனை நிறுத்தவில்லை. போட்டோகொப்பி இயந்திரத்துக்கு மாற்றினார். இடது காது கேட்காமல் போனது. விமலநாதன் மாற்றம் கேட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டில் இருந்த தன் மகனிடம் போய்விட்டார். சத்தியபாமா பற்கள் கட்டிக்கொண்டு அதே வகுப்பறைக்குத் திரும்பினார்.

சில வருஷங்கள் கழித்து அரசு மாறிய பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு ஒன்று கண்டியில் அமர்ந்தது. தாயின் பக்கத்தில் ஹபீல் சாட்சியாகப் போய் நின்றான். நடந்ததை எல்லாம் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த லிகிதர் கடைசியில் வாசித்துக் காட்டினார்: "சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது பிடிக்கப்பட்டு..."

"சீட்டு இல்ல சேர்" என்றான் ஹபீல்.

"பகடை என்றீர்களே. சூதுதானே? எல்லாம் ஒன்றுதான்."

"ஒண்ணு இல்ல சேர்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் காணாமல் போன ஒருவரின் புகைப்படம். லிகிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, உட்காருங்கள் அல்லது போங்கள் என்று கையைக் காட்டினார். கூட்டத்தில் வாய் திறக்காத ஹபீல் அசையாமல் நின்றான். விளையாட்டை முதலிலிருந்து விளக்கினான்: ஆளுக்கொரு வேடம், நடுவில் கதை நடத்துகிறவன், அந்தப் பையன் எடுத்த வேடம், அவன் சொன்னது, அவனுக்காக விமலநாதன் உருட்டிய பகடை. மண்டபம் அமைதியானது. ஆணைக்குழுக்காரர் ஒருவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னவென்று எழுதுவது?" என்றார் லிகிதர்.

ஹபீல் தாயைப் பார்த்தான். அவள் முந்திக்கொண்டாள். "என் மகன் ஒரு கதையில் இருந்தபோது பிடித்தார்கள் என்று எழுதுங்கள்."

லிகிதர் பழைய வரியை வெட்டிவிட்டு எழுதினார். யாரும் தண்டிக்கப்படவில்லை. தாய்க்கு ஒரு மரணச் சான்றிதழ் கிடைத்தது. இறந்த இடம் என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். அன்று ஹபீல் இடது கையால் கையெழுத்து வைத்துவிட்டு, அவளைப் பிலிமத்தலாவை பஸ்ஸில் ஏற்றி, யன்னலோரச் சீற்றில் உட்கார வைத்துவிட்டுத் தன் பஸ்ஸைத் தேடிப் போனான்.